நெஞ்சு வலிய வாயுன்னு சொல்லி வீட்டுல மறைச்சேன், அப்புறம் அயர்ன் மேன் 2 பாத்து அழுதேன்... உங்க வீட்டுலயும் யாராச்சும் இப்டி மறைக்கிறாகளா?

பாம்பன் மெக்கானிக்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து மத்தவங்க எழுதுறத வாசிச்சிட்டு சத்தமில்லாம போயிருவேன், இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்துருக்கேன். போன்லதான் அடிக்கிறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

நான் பாம்பன்ல போட்டு இன்ஜின் வேல பாக்குறேன், இருபத்தஞ்சு வருசமாச்சு. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, எல்லாம் கரை ஏறிரும், வருசத்துல மத்த நாள் பாக்காத ரிப்பேர் பூராவும் அந்த ரெண்டு மாசத்துல எங்க தலையிலதான் விழும். போன வருசம் இதே தடைக்காலத்துல ஒரு நாள் மத்தியானம், இன்ஜின் ரூமுக்குள்ள குனிஞ்சு கெடந்து ஒரு நட்ட தெருகிட்டு இருந்தேன். இடது தோள்பட்டையில இருந்து தாடை வரைக்கும் யாரோ கயிறு போட்டு இழுக்குற மாரி இருந்துச்சு. சட்ட பூரா தொப்பலா நனைஞ்சு போச்சு. உள்ள வெக்கைதான், ஆனா அந்த வேர்வை வேற, குளிந்து போயி ஒழுகுச்சு. மேல ஏறி வந்து உக்காந்தேன். கூட இருந்த பையன் என்னண்ணே மூஞ்சி ஒரு மாரி இருக்குன்னான். வாயுடா, ஒரு சோடா வாங்கிட்டு வாடான்னேன்.

வீட்டுக்குப் போனா சம்சாரம் அதையே கேக்குது. வெயிலுன்னு சொன்னேன். மறுநா நானே பக்கத்துல ஒரு க்ளினிக்குக்குப் போனேன், கேஸ் ட்ரபுள்னு ஒரு ஊசியப் போட்டு அனுப்பிட்டாக, ஈசிஜி எடுக்கல, நானும் கேக்கல. மூணு நாள் அப்டியே ஓட்டுனேன். ஒவ்வொரு நாளும் வலி வந்துச்சு, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் சொன்னேன். நாலாம் நாள் ராத்திரி பாத்ரூம்ல விழுந்துட்டேன். 108 வந்து ராம்நாடு கொண்டு போயி, அங்கிருந்து மதுரை. ஒரு ரத்தக்குழா முக்காவாசிக்கு மேல அடைச்சிருக்குன்னு ஸ்டென்ட் வச்சாக. டாக்டர் ஸ்க்ரீன்ல அடைப்பு இருந்த எடத்தக் காட்டுனாரு. கூலிங் தண்ணி போற பைப்புல உப்பு அடைஞ்சா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும், அதே மாரி நூலாட்டம் போகுது. எத்தன இன்ஜின் சூட்ட கையால தொட்டே கண்டுபுடிச்சிருக்கேன், என் உடம்பு சொன்னத நம்பல.

இப்ப படத்துக்கு வர்றேன். வீட்டுல படுத்துருந்தப்ப, ஒம்பதாவது படிக்கிற என் மகன் தமிழ்ல டப் பண்ணுன மார்வெல் படத்தையெல்லாம் வரிசையாப் போட்டுக் காட்டுனான். எனக்குப் பழக்கமே இல்ல, சும்மா அவங்கூட உக்காந்து பாத்தேன். அயர்ன் மேன் ரெண்டாவது பாகம், 2010-ல வந்தது. ஹீரோ நெஞ்சுல மாட்டியிருக்குற அந்த மெசின்தான் அவர உயிரோட வச்சிருக்கு, அதே மெசின்ல இருக்குற உலோகம் அவரு ரத்தத்த விசமாக்குது. ஒரு சின்ன டப்பாவுல வெரல வச்சுக் குத்தி எத்தன சதவீதம் ஏறியிருக்குன்னு தனியா நின்னு பாக்குறாரு, எங்கம்மா சுகர் டெஸ்ட் பண்ற மாரியே. ஏதோ பச்சையா கசாயம் மாரி ஒண்ணக் குடிச்சிக்கிட்டே இருக்காரு. யாருட்டயும் சொல்லல. ஒரு சீன்ல ஏரோப்ளேன்ல வச்சு அவரு விரும்புற பொண்ணுக்கு ஒரு ஆம்லெட்டு செஞ்சு கொண்டு வந்து வைக்கிறாரு, அதச் சாக்கா வச்சு எல்லாத்தையும் சொல்லிறலாம்னு நெனைக்கிறாரு, வாய் வரைக்கும் வந்துருது, சொல்ல முடியல.

அந்த எடத்துல எனக்கு அழுக வந்துருச்சு. ஏன்னா ரெண்டாம் நாள் ராத்திரி நானும் சம்சாரத்துக்கிட்ட சொல்லிறலாம்னுதான், அது கேக்காமலேயே கடைக்குப் போயி பரோட்டா வாங்கிட்டு வந்தேன். பிரிச்சு வச்சோம், சாப்ட்டோம், என்னங்க திடீர்னுன்னு கேட்டுச்சு. சும்மாதான்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன்.

ஏன் சொல்லல? இன்ன வரைக்கும் எனக்கே வெளங்கல. உங்க வீட்டுல இப்டி யாராச்சும் இருந்தா, இல்ல நீங்களே இப்டி இருந்தா, எழுதுங்க.


கீழக்கரை காக்கா (இப்ப துபாய்):

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. உங்க பதிவ டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்து வாசிச்சேன், ரெண்டு தடவ வாசிச்சேன்.

நான் இங்க வந்து பதினோரு வருசம். மூணு வருசத்துக்கு முன்னாடி சுகர் வந்துச்சு, மூணு மாச சராசரி பாக்குற அந்த டெஸ்ட்டு 9.2 காட்டுச்சு. ஊருல உம்மாவுக்குத் தெரியாது, லாத்தாவுக்கு, அதான் அக்காவுக்கு, தெரியாது, என் வீட்டுக்காரிக்கு மட்டும் பாதி தெரியும். வாப்பா சுகர்லயே கால் புண்ணு வந்து மவுத்தானவுக, அதனால உம்மா தாங்க மாட்டாகன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். வீடியோ கால் பேசும்போது மாத்திர டப்பா கேமராவுல தெரியாம நகத்தி வைப்பேன். ஊருல இருந்து யாரு வந்தாலும் உம்மா தொதல் குடுத்து விடுவாக, அது தேங்காப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் போட்டு மணிக்கணக்கா கிண்டுறது, கை ஓஞ்சு போகும், அவுகளுக்கு வயசு எழுவத்தி ஒண்ணு. அத வாங்கி வச்சிட்டு ரூம்ல உள்ள ஆளுகளுக்குக் குடுத்துட்டு, நல்லா இருந்துச்சு உம்மான்னு சொல்லுவேன். பொய் சொல்ற ஒவ்வொரு தடவையும் நெஞ்சு கனக்கும்.

நீங்க அயர்ன் மேன் சொன்னீங்க, எனக்கு ஸ்பைடர் மேன் 2, அந்த 2004-ல வந்தது. ஸ்கூல் படிக்கும்போது ராம்நாட்டுல தியேட்டர்ல போயி பாத்தோம், அப்ப ரயில நிறுத்துற சண்டைக்காகத்தான் விசில் அடிச்சோம். போன மாசம் ரூம்ல மறுபடி பாத்தப்ப வேற ஒரு சீன் புடிச்சு உலுக்கிருச்சு. அவனுக்கு சக்தி போக ஆரம்பிக்குது, டாக்டர்கிட்ட போறான், போயி கனவுல நான் ஸ்பைடர் மேனா இருக்கேன், செவுத்துல ஏறுறேன் விழுந்துர்றேன்னு சொல்லிட்டு, உடனே, அது என் கனவு கூட இல்ல, என் பிரெண்டோட கனவுன்னு மாத்திச் சொல்றான். நான் மொதமொத இங்க மெடிக்கல் ஷாப்ல போயி, அடிக்கடி தண்ணி தாகமா இருக்கு, ராத்திரி நாலு தடவ எந்திரிக்கிறாரு, என் ரூம்மேட்டுக்குன்னுதான் கேட்டேன். அந்தக் கடைக்காரரு மலையாளி, என் மூஞ்சியப் பாத்துட்டு, ரூம்மேட்ட நாளைக்கே கூட்டிட்டு வாங்கன்னாரு.


ஜிஎச் ஸ்டாஃப் நர்ஸ்:

பாம்பன் அண்ணே, உயிரோட வந்து இத எழுதுறீங்களே, அதுக்கே கடவுளுக்கு நன்றி. நான் நர்சா இருக்கேன், இந்த மாவட்டத்துலயே பதினாலு வருசமா. ரெண்டு விசயம் சொல்லணும், யாராச்சும் ஒருத்தருக்காவது உதவும்.

நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுறதுதான் ஹார்ட் அட்டாக்குன்னு சினிமாவுல பாத்துப் பழகிட்டோம். அப்டி மட்டும் வராது. தாடை, இடது கை, தோள்பட்டை, முதுகு, மேல் வயிறு, எங்க வேணா வரும். குளிந்த வேர்வை, மூச்சு வாங்குறது, வாந்தி வர்ற மாரி இருக்குறது, இது போதும். சுகர் ரொம்ப நாளா இருக்குறவங்களுக்கு நரம்பு பாதிச்சிருந்தா வலியே தெரியாம கூட அட்டாக் வந்துரும். கீழக்கரை தம்பி, இது உங்களுக்குத்தான் சொல்றேன், கவனமா வாசிங்க. 9.2-ங்கறது சின்ன நம்பர் இல்ல, 6.5-க்கு மேல போனாலே சுகர்தான்.

வாயுன்னு நெனச்சா கூட பரவால்ல, வாயுன்னு ஈசிஜி சொல்லட்டும். பக்கத்துல இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. 2023-ல இருந்து இதயம் காப்போம் திட்டத்துல அங்க பதினாலு மாத்திரை வச்சிருக்காங்க, ஆஸ்பிரின் ரெண்டு, க்ளோபிடோக்ரெல் நாலு, அட்டார்வாஸ்டாட்டின் எட்டு. அட்டாக்குன்னு சந்தேகம் வந்தா டாக்டர் பாத்து அத மொதல்ல குடுத்துட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. ராமேஸ்வரத்துல இருந்து மதுரை கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர், அந்த தூரத்துக்கு இந்த பதினாலு மாத்திர எவ்வளவு பெரிய விசயம்னு ஆம்புலன்ஸ்ல ஒரு தடவ போயிப் பாத்தவங்களுக்குத் தெரியும். நீங்களா வீட்டுல வாங்கி வச்சுப் போட்டுக்காதீங்க, சில பேருக்கு ரத்தக்கசிவு ஆயிரும்.

அப்புறம் அண்ணே, ஸ்டென்ட் வச்சப்புறம் குடுத்த மாத்திரய டாக்டர் சொல்லாம ஒரு நாள் கூட நிறுத்தாதீங்க. நல்லாத்தான இருக்கேன்னு நிறுத்திட்டு திரும்ப வர்றவங்கள நான் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒவ்வொரு தடவையும் வயிறு எரியுது.


தொண்டிக்காரன்:

எல்லாரும் சொல்றது சரி, ஆனா நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், யாரும் வருத்தப்படக் கூடாது.

மறைக்கிறது ஏதோ மனசுல இருக்குற கோளாறு மாரி பேசுறோம். எங்க அப்பாவுக்கு அது கணக்கு. நாட்டுப்படகுல வேலைக்குப் போனா அன்னிக்குக் காசு, போகலேன்னா இல்ல. மதுரைக்குப் போனா ஒரு நாள் பாடு, அதான் அன்னிக்கு வருமானம், போச்சு, கூட வர்ற ஆளோட பாடும் போச்சு, பஸ் காசு, சாப்பாடு, ஸ்கேன். இத்தனையும் மண்டையில போட்டுப் பாத்துத்தான் அவரு வலிக்கலைன்னு சொன்னாரு. அக்கா கல்யாணம் வேற பேசிக்கிட்டு இருந்தாக, அப்பாவுக்கு முடியலைன்னு ஊருக்குள்ள தெரிஞ்சா அந்தப் பேச்சே நின்னுரும்னு பயம். அவர நான் குறை சொல்ல மாட்டேன். இப்ப மக்களைத் தேடி மருத்துவத்துல பிரசர் மாத்திர வீட்டுக்கே வருது, 2021-ல ஆரம்பிச்சது, அப்ப இதெல்லாம் இல்ல.

இன்னொண்ணு. ப்ளாக் பேந்தரா நடிச்ச சாட்விக் போஸ்மேன், 2016-லயே பெருங்குடல் கேன்சர் மூணாவது ஸ்டேஜுன்னு தெரிஞ்சிருச்சு. படம் 2018-ல வருது. 2020 ஆகஸ்ட்டு 28 எறந்தாரு, 43 வயசு. நடுவுல ஆபரேசன், கீமோ, அதுக்கு இடையில சூட்டிங், சண்டக்காட்சி. வெளிய கிட்டத்தட்ட ஒருத்தருக்கும் தெரியாது. மெலிஞ்சு போயிட்டாருன்னு கண்டபடி எழுதுனாக, அதுக்கும் வாயத் தொறக்கல. அந்த மனுசன் மறைச்சத தப்புன்னு யாராச்சும் சொல்ல முடியுமா? என் வேதனைய எனக்குள்ள வச்சிக்க எனக்கு உரிமை இருக்குல்ல.


பாம்பன் மெக்கானிக்:

தொண்டி தம்பி, நீ சொன்னதுல வருத்தமே இல்ல, அப்பாவப் பத்தி சொன்னது அப்டியே எங்க அப்பா. அந்தப் பாடு கணக்கு எனக்கும் ஓடுச்சு, தடைக்காலத்துல ரெண்டு மாசம் படுத்துட்டா வருசம் பூரா அடி வாங்கும்னு. காப்பீட்டு அட்டையில அஞ்சு லட்சம் வரைக்கும் பாப்பாகன்னு கூட எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போயித்தான் தெரிஞ்சுச்சு, அட்டை பீரோவுக்குள்ள துணிக்கு அடியில கெடந்துச்சு.

போஸ்மேன் பத்தி நீ எழுதுனதப் பாத்து மகன தேடிப் படிக்கச் சொன்னேன். அவரு ஊருக்குத்தான் சொல்லலப்பா. வீட்டுல எல்லாருக்கும் தெரியும். எறந்தது வீட்டுலதான், பொண்டாட்டியும் குடும்பமும் பக்கத்துல இருந்துருக்காக. நான் மறைச்சது யாருட்ட? என் தலகாணிக்குப் பக்கத்துல படுத்திருந்த ஆளுகிட்ட. பாத்ரூம்ல விழுந்தப்ப அதுக்கு ஒண்ணுமே தெரியாது, வலிப்பு வந்துருச்சுன்னு நெனச்சு இரும்பத் தேடி கையில குடுத்துருக்கு. டாக்டர் எத்தன நாளா வலின்னு கேக்குறாரு, அது பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு இன்னிக்குத்தான் சார்ங்குது. எத்தன நாள்னு கரெக்டாத் தெரிஞ்சிருந்தா அவுகளுக்கு எவ்வளவு உதவியா இருந்துருக்கும். அந்த மூஞ்சி எனக்கு மறக்க மாட்டேங்குது.


சின்னப்பாலம் பொண்ணு:

அண்ணே, அக்கா எல்லாருக்கும் வணக்கம். ஆம்பளைங்க மட்டும் மறைக்கிற மாரியே பேச்சு போகுது, அதான் எழுதுறேன்.

எங்கம்மா பாசி எடுக்கப் போவாங்க, எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து. பாக்காதவங்களுக்குச் சொல்றேன், சேலைக்கு மேல எங்கப்பாவோட முழுக்கை சட்ட, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை அறுக்காம இருக்க ஒவ்வொரு வெரலுக்கும் தனித்தனியா துணி சுத்திக் கட்டணும், இடுப்புல பாசி போடுற வலைப்பை. வெரலுக்குச் சுத்துறது மட்டும் அரை மணி நேரம் ஆகும், சின்னப்புள்ளையில நான்தான் சுத்தி விடுவேன், ரொம்ப இறுக்கிட்டா ரத்தம் ஓடாது, லூசா இருந்தா தண்ணியில அவுந்துரும். அப்புறம் வள்ளத்துல போயி மூச்சடக்கி முங்கி முங்கி எடுக்கணும், ஆறு மணி நேரம் ஏழு மணி நேரம் தண்ணியிலேயே. எங்க ஊரு லட்சுமி மூர்த்தி அம்மாவுக்கு 2015-ல சீகாலஜி விருது, தீவுகளோட இயற்கையக் காக்குற ஒரு அமெரிக்க அமைப்பு தர்றது, குடுத்தாங்க. எங்க பொம்பளைங்களே கூடிப் பேசி, பாசி வளர்ற காலத்துல எடுக்க மாட்டோம், மாசத்துல இத்தன நாள்தான் எடுப்போம்னு கட்டுப்பாடு வச்சிருக்காங்க. கடலு நோகக் கூடாதுன்னு அவ்வளவு யோசிக்கிறவங்க.

ஆனா அம்மா தன் உடம்பப் பத்தி ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க. கடலுக்குப் போற அன்னிக்கு காலையில தண்ணியே குடிக்க மாட்டாங்க. ஏன்னா நடுக்கடல்ல வள்ளத்துல ஆம்பளைங்களும் இருப்பாங்க, ஒண்ணுக்குப் போக முடியாது. அடக்கி அடக்கி வந்து, ராத்திரி எரிச்சல்ல தூங்காம வாசல்ல உக்காந்திருப்பாங்க, கேட்டா கொசுன்னு சொல்லுவாங்க. போன வருசம் குளிரும் காய்ச்சலுமா தூக்கித் தூக்கிப் போட்டுச்சு, அப்பதான் ஆஸ்பத்திரி போனோம், கிட்னி வரைக்கும் இன்ஃபெக்சன் போயிருந்துச்சு.

நான் லேப் டெக்னீசியன் படிக்கிறேன். யூரின் கல்ச்சர்னு ஒரு டெஸ்ட்டு, ஒரு சின்னத் தட்டுல ஜெல்லி மாரி ஒண்ணு ஊத்தி வச்சிருப்பாங்க, அது மேல யூரின ஒரு கோடு இழுத்து சூட்டுல வச்சா மறுநா கிருமி புள்ளி புள்ளியா வளந்திருக்கும், எந்த மருந்துக்கு அது சாகுதுன்னும் அதுலயே பாக்கலாம். அந்த ஜெல்லிக்குப் பேரு அகர். கடப்பாசியில இருந்துதான் எடுக்குறாங்க, எங்க கடல்ல அம்மா எடுக்குற மரிக்கொழுந்து பாசியும் அதுக்குத்தான் போகுது. எங்கம்மாவோட ரிப்போர்ட்ட கையில வாங்குன அன்னிக்கு இத நெனச்சுப் பாத்து லேப் வாசல்லயே நின்னுட்டேன். முப்பது வருசமா அவங்க முங்கி எடுத்துப் போட்டது எங்கெங்கயோ போயி எத்தன பேரு நோயக் கண்டுபுடிச்சிருக்கும், அவங்க நோயக் காட்டுறதுக்கு மட்டும் இத்தன நாளாச்சே.

எந்த சூப்பர்ஹீரோ படத்துலயும் பொம்பளைக்கு ஒண்ணுக்கு வர்ற மாரியோ, தூரமான நாள்ல சண்டைக்குப் போற மாரியோ நான் பாத்ததில்ல. சின்ன விசயம்னு விட்டுர்றாங்க. எங்க ஊருல எல்லாப் பொம்பளைக்கும் அதுதான் பெரிய விசயம்.


உச்சிப்புளி மாப்ள:

தங்கச்சி, உன் பதிவ எங்க அம்மாட்ட வாசிச்சுக் காட்டுனேன். ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, நாளைக்கு என்னையும் அந்த டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போடான்னாக. வேற ஒண்ணும் எழுதத் தோணல.


சென்னை போட்மெயில்:

நான் இருக்குறது ராயபுரம், ஆனா எங்கப்பா பொறந்தது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடிச்சப்ப அவருக்கு எட்டு வயசு. அந்த ராத்திரியப் பத்தி எங்களுக்கு அவரு சொன்னது மொத்தம் ரெண்டு வரி: தண்ணி வந்துச்சு, நாங்க தப்பிச்சிட்டோம்.

பழைய பாம்பன் பாலத்துல 2022 டிசம்பர்ல ரயில நிறுத்துனாங்க, ரெண்டு வருசத்துக்கு மேல மண்டபத்தோட சரி. புதுப்பாலம் 2025 ஏப்ரல் 6 தொறந்தாங்க. கப்பல் வந்தா நடுவுல உள்ள 72.5 மீட்டர் துண்டு அப்டியே லிஃப்ட் மாரி 17 மீட்டர் மேல போகும், அதப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. அப்பாவ வாங்கப்பான்னு கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தேன். எக்மோர்ல ஏறுனதுல இருந்து நல்லாத்தான் இருந்தாரு, காலையில பரமக்குடில டீ குடிச்சாரு, ராமநாதபுரம் தாண்டி ஒடைமரமும் பனையும் வரவும், வெளியப் பாத்து பழைய கதையெல்லாம் சொன்னாரு. மண்டபம் தாண்டி ரயிலு மெதுவாகி ரெண்டு பக்கமும் தண்ணி மட்டும் தெரிய ஆரம்பிச்சதும் என் கையப் புடிச்சாரு. அப்டி ஒரு புடி. வேர்த்து ஊத்துது, மூச்சு ஏறல, நெஞ்சு நெஞ்சுங்குறாரு. எனக்கு ஒலகமே நின்னு போச்சு. ரெண்டு கிலோமீட்டர் பாலம், எறங்குறதுக்கு எடமில்ல, பக்கத்துல பழைய பாலம் அது பாட்டுக்கு நிக்கிது.

ராமேஸ்வரம் எறங்கி நேரா ஆஸ்பத்திரி. ஈசிஜி நார்மல், ரத்த டெஸ்ட்டும் நார்மல். அந்த டாக்டரம்மா நல்லவங்க, அப்பாகிட்ட தனியா உக்காந்து பேசுனாங்க. இது பயத்துல உடம்பு பண்றது, நெசமான வலிதான், நடிப்பு இல்ல, ஆனா இதயம் நல்லா இருக்குன்னாங்க.

அயர்ன் மேன் மூணாவது பாகத்துல இதே இருக்கு பாம்பன் அண்ணே, 2013-ல வந்தது. நியூயார்க் சண்டைக்கு அப்புறம் ஒரு ஹோட்டல்ல ஒரு சின்னப் பையன் அதப் பத்திக் கேட்டதும் மூச்சு முட்டி வெளிய ஓடுவாரு, அந்தக் கவசத்துக்குள்ள போயி, அவரோட பேசுற கம்ப்யூட்டர் ஜார்விஸ் கிட்ட இதயத்தப் பாரு, மூளையப் பாரு, எனக்கு விசம் வச்சுட்டாங்களான்னு பாருன்னு கேப்பாரு. இதயத்துல ஒண்ணுமில்ல சார், இது கடுமையான பதட்டம்னு ஜார்விஸ் சொல்லும். அவருக்கு நம்பவே முடியாது. எங்கப்பாவும் ஈசிஜி பேப்பர வாங்கி ரெண்டு தடவ பாத்தாரு. பின்னாடி வேற ஒரு பையன், நீங்க மெக்கானிக்தானே, எதையாச்சும் செய்ங்கன்னு அவர நெதானத்துக்குக் கொண்டு வருவான், அந்த எடம் வர்றப்ப இனிமே உங்க ஞாபகம்தான் வரும்.

சாயங்காலம் தனுஷ்கோடி கடைசியில உள்ள அரிச்சல்முனைக்குப் போகல, ரூம்லயே இருந்தோம். அப்பா வலது உள்ளங்கைய விரிச்சுக் காட்டுனாரு. குறுக்க ஒரு தழும்பு இருக்கும், சின்ன வயசுல பட்டம் விட்டப்ப மாஞ்சா அறுத்ததுன்னு எங்ககிட்ட சொல்லுவாரு, எங்கம்மாவும் அப்டித்தான் நம்பிக்கிட்டு செத்தாங்க. மாஞ்சா இல்லடா, வள்ளத்துக் கயிறு, ராத்திரி பூரா புடிச்சிருந்தேன், விடியக்காலையில எங்க சித்தப்பா வந்து வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தாருன்னாரு. அறுபது வருசம். திரும்பும்போது ரோட்டுப் பாலம் வழியா கார்ல கூட்டிட்டுப் போயிரலாமான்னு கேட்டேன், கொஞ்ச நேரம் யோசிச்சாரு, ரயில்லயே போவோம், நீ பக்கத்துல உக்காருன்னாரு. வந்தாரு. கண்ண மூடிக்கிட்டாரு, கை நடுங்குச்சு, நான் புடிச்சிருந்தேன்.


ஜிஎச் ஸ்டாஃப் நர்ஸ்:

போட்மெயில் சார், நீங்க ஈசிஜி எடுக்க ஓடுனதுதான் சரி. பதட்டமா அட்டாக்கான்னு வீட்டுல வச்சு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது, எங்களாலயும் முடியாது, பாக்க ஒரே மாரிதான் இருக்கும். மொதல்ல இதயம், அது நல்லா இருக்குன்னு தெரிஞ்சப்புறம் மத்தது. அப்பாவுக்குத் திரும்ப வந்தா 14416-க்கு போன் போடலாம், டெலி மானஸ், மனநலத்துக்குன்னே உள்ள நம்பர், காசு கெடையாது, தமிழ்ல பேசுவாங்க. இந்தக் கரையில புயலும் கடலும் பாத்த எத்தனையோ வயசானவங்க தூக்கம் வரலைன்னு மட்டும் சொல்லி மாத்திர வாங்கிட்டுப் போறாங்க, கூட ரெண்டு வார்த்த கேக்க எங்களுக்கு நேரம் இருக்க மாட்டேங்குது. அது எனக்கு எப்பவும் உறுத்துற விசயம்.


கீழக்கரை காக்கா (இப்ப துபாய்):

நர்ஸ் லாத்தா சொன்னதுக்கு அப்புறம் இங்க ஈசிஜி எடுத்தேன், எக்கோவும் எடுத்தேன், அல்ஹம்துலில்லாஹ் நல்லா இருக்கு. போன வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு உம்மாவுக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன், தொதல் விசயம் உட்பட. அழுதாக. எத்தன வருசம்னு கேட்டாக. மூணுன்னேன். போன வச்சிட்டாக, ரெண்டு நாள் எடுக்கவே இல்ல, லாத்தாகிட்ட பேசுனா உம்மா கோவமா இருக்காக, சாப்பிட மாட்டேங்குறாகன்னு சொல்லுச்சு. அந்த ரெண்டு நாளு எனக்கு சுகரே ஏறிப் போச்சு.

நேத்து ஊருல இருந்து மச்சான் ஒருத்தரு வந்தாரு, பார்சல் குடுத்தாரு. தொதல் இல்ல. வெந்தயம் ஒரு பொட்டலம், காய வச்ச முருங்கக்கீரை ஒரு பொட்டலம், அதுக்கு அடியில வாப்பாவோட பழைய சுகர் நோட்டு. தேதி போட்டு சாப்பாட்டுக்கு முன்ன, பின்னன்னு அவுக கையெழுத்துலயே எழுதியிருக்கு. கடைசி ஏழெட்டு மாசம் பக்கம் வெறுமையா இருக்கு. உம்மா அந்த வெத்துப் பக்கத்துல பென்சிலால கட்டம் போட்டு, மேல என் பேர எழுதி அனுப்பியிருக்காக. இன்னிக்குக் காலையில 148, எழுதிட்டேன்.


பாம்பன் மெக்கானிக்:

தம்பி, அந்த நோட்டு பத்திரம். தெனமும் எழுது, எழுதி போட்டோ எடுத்து உம்மாவுக்கு அனுப்பு.

சம்சாரத்துக்கு இந்தப் பேச்சு பூராத்தையும் மகன் வாசிச்சுக் காட்டிட்டான், பரோட்டா விசயமும் சேத்து. அன்னிக்கே தெரிஞ்சிருந்தா நான் ஒரு வாய் தின்னுருப்பேனான்னு கேட்டுச்சு, எனக்குப் பதில் சொல்லத் தெரியல. இப்ப எங்க வலிச்சாலும் சொல்லிர்றேன், முழங்கால் வலி வரைக்கும்.

ஒரு விசயம். தடைக்காலம் முடிய இன்னும் மூணு வாரம் இருக்கு, ஆளுக எல்லாம் கரையிலதான் இருக்காக. எங்க பட்டறைக்கு வர்றவங்கள்ல நாப்பது வயசத் தாண்டுன நாலு பேருகிட்ட பேசி சம்மதிக்க வச்சிருக்கேன், வர்ற திங்கக்கெழம காலையில ராம்நாட்டுக்குப் போயி ஈசிஜி, பிரசர், சுகரு மூணும் பாத்துட்டு வர்றதா இருக்கோம், வெறும் வயித்துல வரணும், இட்லி கட்டிக்கிட்டு போறோம், டெஸ்ட்டு முடிஞ்சு சாப்பிடலாம். மகன் படத்த பென்டிரைவ்ல ஏத்தித் தர்றேன்னுருக்கான், வண்டியில டிவி இருக்கு. ஆறு மணிக்கு பாம்பன் பஸ் ஸ்டாண்டுல இருந்து வேன் கெளம்பும், இன்னும் மூணு எடம் இருக்கு. மண்டபம், உச்சிப்புளியில ஏறிக்கிறவங்க இருந்தா ஞாயித்துக்கெழம ராத்திரிக்குள்ள இங்கயே சொல்லிருங்க. சின்னப்பாலம் தங்கச்சி, அம்மா வர்றாகளான்னு கேளும்மா, சம்சாரமும் வருது, தொணைக்கு ஆளு இருக்கு.